ஓதம் ஏறும் நேரம்

குளிர்காலத்தில் அயர்லாந்தின் டப்ளினுக்குப் போக உங்களுக்கு வாய்த்தால், ஊர் சுற்றும் நாட்களில் ஒரு அரைநாளை நார்த் புல் தீவுக்கு ஒதுக்கிவிடுங்கள். நகரப் பேருந்திலேயே போகலாம்.

ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மணல்தீவுக்கு வயது இருநூறுதான். துறைமுக வாயிலில் மணல் அடையாமல் இருக்கக் கடலுக்குள் நீளமாக ஒரு சுவர் கட்டினார்கள்; 1825-இல் வேலை முடிந்தது. சுவருக்கு வடக்கே மணல் ஒதுங்கி ஒதுங்கித் தீவாகிவிட்டது. தீவுக்கும் கரைக்கும் நடுவே சேற்றுவெளி. அங்கே விளையும் கடற்புல்லையும் பாசியையும் தேடித்தான், கனடாவின் துருவப் பகுதியிலிருந்து கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியாகப் பிரென்ட் வாத்துகள் வருகின்றன.

பருமனில் நம் ஊர் வாத்து போலத்தான். தலையும் கழுத்தும் கரிக்கறுப்பு, கழுத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. அவசரப்படாமல் கூட்டத்தைப் பாருங்கள். சிலவற்றின் மடித்த இறக்கையில் வெள்ளை வரிகள் தெரியும். அவை அந்தக் கோடையில் பிறந்த குஞ்சுகள். அத்தனை தூரம் பறந்து வந்த பிறகும் தாய் தகப்பனை விட்டு விலகாமல் மேயும். வரி போட்டவை குறைவாக இருந்தால், துருவத்தில் அந்த வருஷம் குஞ்சுகள் சரியாகப் பிழைக்கவில்லை என்று அர்த்தம். கடற்புல் தீர்ந்ததும் இவை ஊருக்குள் வந்து விளையாட்டு மைதானங்களில் புல் மேய்கின்றன.

கரையோரப் பறவைகளைப் பார்க்க நேரம் முக்கியம். ஓதம் வற்றியிருந்தால் அவை தூரத்துச் சேற்றில் வெறும் புள்ளிகள். ஓதம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தீவுக்குப் போகும் சாலையோரம் நின்றுகொள்ளுங்கள். தண்ணீர் ஏற ஏற, பவளக்காலிகளும் கோட்டான்களும் கருவால் மூக்கன்களும் நம் பக்கமாக ஒதுங்கி வரும். கருவால் மூக்கன் நீண்ட அலகை அடிவரை சேற்றில் செருகும். புதைந்த நிலையிலேயே நுனியை மட்டும் திறந்து புழுவைக் கவ்வும். சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வருகிற அதே பறவைதான். டப்ளினுக்கு வருவது ஐஸ்லாந்தில் கூடு கட்டும் கிளை.

முன்பு இங்கே துப்பாக்கியோடு வருவார்கள். பி. ஜி. கென்னடி என்ற இயேசு சபைப் பாதிரியார் போன்றவர்களின் விடாமுயற்சியால் 1931-இல் இது பறவைகள் சரணாலயமானது. அந்தப் பாதுகாப்பினால்தான் இன்று சாலையோரத்தில் நின்றே இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடிகிறது. இப்போது என் கவலை, அவிழ்த்துவிட்ட நாய்கள். துரத்தினால் கூட்டமே எழும்பும். திரும்பும் பயணத்துக்காக வாத்துகள் உடம்பில் சேர்த்த கொழுப்பு இப்படி வீணாகக் கரைவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

அதனால் நீங்களும் சேற்றில் இறங்காமல் சாலையிலிருந்தே பாருங்கள். சாதாரண பைனாகுலர் போதும். ஏப்ரல் முடிவதற்குள் வாத்துகள் கிளம்பிவிடும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை எந்த விடுமுறை என்றாலும் சரி, அன்றைய ஓத அட்டவணையை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.