டேஷ்போர்டு பல்பும் ஒரு எல்.இ.டி.யும்

இன்னிக்கு கோடிங் கிடையாது, எங்க அப்பாவோட 1998 மாருதி 800.

திருநெல்வேலியில் இருந்து ராத்திரி திரும்பும்போது, முப்பந்தல் தாண்டினதும் டேஷ்போர்டு முழுசா இருட்டு. ஆரல்வாய்மொழி காத்து வண்டியத் தள்ளுது. ஸ்பீடும் தெரியல, பெட்ரோல் முள்ளும் தெரியல. அப்பா செல்போன் டார்ச் அடிச்சுக்கிட்டே வந்தார்.

மறுநாள் நானே கழற்றினேன். முதலில் பேட்டரி நெகடிவ். அப்புறம் மீட்டர் ஸ்க்ரூ. பின்னால ஸ்பீடோமீட்டர் கேபிளை விடுவிக்காம இழுக்கக் கூடாது. ஹோல்டரைக் கொஞ்சம் திருப்பினா பல்போட வந்துரும். எல்லாத்துக்கும் எல்.இ.டி. போட்டேன். ரெண்டு எரியல, திருப்பிச் சொருகினதும் எரிஞ்சுது. எல்.இ.டி.க்கு பிளஸ் மைனஸ் உண்டு, பழைய இழை பல்புக்கு அது கிடையாது.

தப்பு எங்கேன்னா, சிவப்பு பேட்டரி விளக்கையும் மாத்திட்டேன். பல பழைய வண்டிகளில் அது வெறும் எச்சரிக்கை விளக்கு இல்ல. சாவி திருப்பினதும் அந்த பல்பு வழியா போற கரண்ட்தான் ஆல்டர்னேட்டரோட காந்தச் சுருளை எழுப்புது. எல்.இ.டி. விடுற கரண்ட் அதுக்குக் காணாது. இஞ்சின் ஓடும்போதும் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தது. இன்ஜினியர் இல்லியா, சீப் எல்.இ.டி. கோளாறுன்னு விட்டுட்டேன்.

மூணாம் நாள் காலைல அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், பேட்டரி செத்துக் கிடக்கு. அப்பா ஒண்ணும் சொல்லல. ஆட்டோவுக்குப் போன் பண்ணினார். திட்டியிருந்தா தேவலை.

வடசேரி எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி மீட்டர் வச்சுப் பார்த்துட்டு, “தம்பி, அந்த ஒரு எடத்துல பழைய பல்பே போடுங்க”ன்னார். போட்டேன். இப்போ இஞ்சின் ஓடும்போது பேட்டரியில 14 வோல்ட் காட்டுது. மத்த எல்.இ.டி. எல்லாம் அப்படியே இருக்கு.