கடலோரப் புறநகர் ஒன்று: டப்ளினின் கிளொன்ராவ்



நமது பாடசாலைகளில் சரித்திரத்தை ஒரு பாடவேளையிலும் பூமிசாத்திரத்தை வேறொரு பாடவேளையிலும் கற்பிப்பது வழக்கம். நேரசூசி வகுப்பதற்கு இது வசதியான ஏற்பாடுதான். ஆயினும், உலகம் அவ்வாறு இரண்டாகப் பிரிந்து கிடப்பதில்லை. மண்ணும் நீரும் மனிதர் செய்கைக்கு இடங்கொடுக்கின்றன; மனிதர் செய்கை மண்ணையும் நீரையும் மாற்றிவிடுகின்றது. இவ்வுண்மையைச் சிறியதோர் இடத்தைக் கொண்டு விளக்குவதானால், அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினைச் சேர்ந்த கிளொன்ராவ் என்னும் புறநகரைக் காட்டலாம்.

டப்ளின் விரிகுடா கிழக்கே அயரிஷ் கடலை நோக்கி வாய் திறந்திருப்பது. மேற்கிலிருந்து வரும் லிஃபி ஆறு நகரை ஊடறுத்து அவ்விரிகுடாவில் விழுகின்றது. நகர மையத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 3 மைல் தொலைவில், விரிகுடாவின் வடகரையில், கிளொன்ராவ் அமைந்துள்ளது. அதன் மேற்குப் புறத்தை அடுத்துத் தொல்கா என்னும் சிற்றாறு கடலிற் கலக்கின்றது. கரை தாழ்ந்தது, கடல் ஆழமற்றது. நமது கரைகளிலே பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் இரண்டு மூன்று அடி வேறுபாடே காணப்படும். அங்கேயோ பூரணை, அமாவாசை நாட்களை அடுத்து அவ்வேறுபாடு 11 அடியளவுக்குச் செல்லும். வற்று வேளையிற் கடல் வெகுதூரம் பின்வாங்க, சேறும் மணலும் வெளிப்படும். ஆறு மணி நேரத்தின் பின் அவ்வளவும் நீருள் மறைந்துவிடும். இந்த வற்றுப்பெருக்கை மனத்தில் இருத்திக்கொண்டால் கிளொன்ராவின் கதை எளிதில் விளங்கும்.

ஊர்ப்பெயர் அயரிஷ் மொழிக்குரியது. ‘காளையின் புல்வெளி’ என்பது அதன் பொருள். கரையோர மணல்மேடுகளில் அலை மோதும் ஓசை காளையின் முக்காரம் போல ஒலித்தமையால் இப்பெயர் வந்ததென்பர். ஆற்றுவாயின் இரு மருங்கிலும் இருந்த மணல்மேடுகளுக்கும் வடகாளை, தென்காளை என்ற பொருள்படவே பெயர் வழங்கிற்று.

இவ்வூரின் பெயரை ஐரோப்பிய சரித்திரத்திற் பதித்தது 1014ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆந் திகதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று நிகழ்ந்த போராகும். ஒருபுறம் அயர்லாந்தின் மன்னர்மன்னராக விளங்கிய பிரையன் போருவின் சேனை. மறுபுறம் லெயின்ஸ்ரர் நாட்டரசன் மெயில் மோர்டாவும், டப்ளினை ஆண்ட நோர்ஸ் குலத்து அரசன் சித்ரிக்கும், அவர்களுக்குத் துணையாகக் கப்பலேறி வந்த ஓர்க்னித் தீவுகளின் தலைவன் சிகுர்ட் முதலியோரும். போர்க்களம் துல்லியமாக எவ்விடம் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கரையும் தொல்கா ஆறும் அதனோடு தொடர்புடையன என்பது பழைய நூல்களாற் பெறப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, டப்ளின் திரித்துவக் கல்லூரிப் பேராசிரியர் சாமுவேல் ஹோற்றன் என்பார் அந்நாளின் வற்றுப்பெருக்கைக் கணித்துப் பார்த்தார். காலை ஐந்தரை மணியளவிலும், மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னும் கடல் உச்சப் பெருக்கை அடைந்திருக்கும் என்பது அவர் கண்ட முடிவு. பழைய போர்நூல் கூறுவதும் அதுவே. காலைப் பெருக்கிலே கப்பல்கள் கரையை அணைந்தன. பகல் முழுவதும் போர் நடந்தது. தோற்றவர் மாலையிற் கப்பலை நாடி ஓடியபோது கடல் மீண்டும் ஏறிவந்து வழியை மறித்தது. வாளுக்குத் தப்பியவர் பலர் நீருக்குத் தப்பவில்லை. துரத்திச் சென்ற பிரையனின் இளம் பேரனும் நீரில் மாண்டான். முதியவரான பிரையனோ தம் கூடாரத்திலே கொல்லப்பட்டார். அவருடைய மகன் மூர்காவும் அன்றே வீழ்ந்தான். வென்றவர் தரப்பிலேயே மூன்று தலைமுறை ஒரு நாளில் அழிந்தது.

அயர்லாந்து அந்நியரை விரட்டிய நாள் இது எனப் பல தலைமுறைக் குழந்தைகள் படித்து வந்தனர். இக்கால ஆசிரியர்கள் அவ்வளவு எளிதாகக் கூறுவதில்லை. பிரையனை எதிர்த்தவருள் லெயின்ஸ்ரர் மக்கள் அயரிஷ்காரரே. டப்ளின் அரசன் சித்ரிக் பிரையனின் மருமகன், கிறித்தவனுங்கூட. போரின் பின்னும் அவனே 1036ஆம் ஆண்டுவரை டப்ளினில் அரசு செலுத்தினான். எனினும், மக்கள் மனத்தில் ஓர் இடம் பெறும் பொருள், ஆராய்ச்சியாளர் எழுத்துக்குக் காத்திருப்பதில்லை.

இதனை நன்கறிந்தவர் டானியல் ஓகொனல். பிரித்தானியாவுடனான ஐக்கியச் சட்டத்தை நீக்க வேண்டுமென்று 1843ஆம் ஆண்டில் அவர் கூட்டிய மாபெருங் கூட்டங்களுக்கு இலட்சக்கணக்கானோர் திரண்டனர். ஒக்டோபர் 8ஆந் திகதிக் கூட்டத்துக்கு, பிரையனின் நினைவு நிலவும் கிளொன்ராவையே அவர் தேர்ந்தெடுத்தார். முதல்நாள் பிற்பகலில் அரசாங்கம் கூட்டத்தைத் தடைசெய்தது, படைகள் நிறுத்தப்பட்டன, விரிகுடாவிற் போர்க்கப்பல்கள் நின்றன. இரத்தஞ் சிந்துவதற்கு உடன்படாத ஓகொனல் மக்களைத் திரும்பிப் போகும்படி பணித்தார். பின்னர் அவர் கைதாகி, 1844இற் சிறை சென்றார்; சில மாதங்களில் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றியமையால் விடுதலையடைந்தார். நடைபெறாத கூட்டம் ஒன்றும் சரித்திரத்தில் இடம்பெறலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் அரிது.

இனிக் கடலுக்கு வருவோம். டப்ளின் துறைமுகத்துக்கு நெடுங்காலப் பகையாயிருந்தது ஆற்றுவாயிற் குறுக்கே கிடந்த மணற்றிடல். வற்று வேளையில் அதன்மேல் 6 அடி நீரே இருந்தது. கப்பல்கள் பெருக்குக்காக வெளியே காத்திருக்க, புயல் வந்து பலவற்றைக் கரையில் மோதியழித்தது. 1795இல் முற்றுப்பெற்ற தென்சுவர் ஒன்றே போதவில்லை. பவுண்டிக் கப்பற் கலகத்தாற் பெயர் பெற்ற வில்லியம் பிளை 1800ஆம் ஆண்டையொட்டி விரிகுடாவை அளந்து படமும் அறிக்கையும் வரைந்தார். வடசுவரை அவரே திட்டமிட்டார் என்று கூறுவோர் உளர். ஆனால் கட்டப்பட்ட சுவர் அவர் கூறியதன்று. கிளொன்ராவின் கரையிலிருந்து புறப்படும் அச்சுவரின் வேலை 1819ஐ அடுத்துத் தொடங்கி, ஜோர்ஜ் ஹல்பின் என்பாரின் மேற்பார்வையில் 1825 அளவில் நிறைவெய்தியது. அதன் நீளம் 2 மைலுக்குச் சற்றுக் குறைவு.

அதன் நுட்பம் கேட்கத் தக்கது. சுவரின் கடைப்பகுதி பெருக்கிலே மூழ்கும்படி தாழக் கட்டப்பட்டது. வற்றுத் தொடங்கும்போது நீர் சுவரின் மேலாகவும் வழிந்து செல்லும். பாதி வற்றியதும் சுவர் தலைகாட்டும். மிகுதி நீர் முழுவதும் இரு சுவர்களுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வாயிலாலேயே வேகமாக வெளியேற வேண்டும். அவ்வேகம் மணலை அரித்துக்கொண்டு போகும். வேறொரு கருவியுமின்றிக் கடலே நாளுக்கு இருமுறை துறைமுக வாயிலைத் துப்புரவாக்கியது. ஐம்பது ஆண்டுகளுள் 6 அடி ஆழம் 16 அடியாயிற்று.

அரித்துச் செல்லப்பட்ட மணல் எங்கே போயிற்று? சுவரின் வடபுறத்தில், வடகாளை மேட்டின்மேல் அது படியத் தொடங்கியது. பெருக்குக்கு மேலே ஒரு திட்டுத் தலைநீட்டியது, புல் முளைத்தது, மணற்குன்றுகள் எழுந்தன. இன்று 3 மைல் நீளமுடைய ‘புல் தீவு’ இவ்வாறு தோன்றியதாகும். பிரையன் கண்டிராத நிலம் அது. எந்தப் பொறியியலாளரும் அதனை வேண்டிக் கட்டவில்லை. தீவுக்கும் கரைக்கும் இடையில் உண்டான உப்புச் சதுப்பிலே, கனடாவின் வடதுருவப் பகுதியிலிருந்து வரும் பிரென்ற் வாத்துக்கள் ஆண்டுதோறும் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. 1931இற் பறவைச் சரணாலயமாக்கப்பட்ட இத்தீவை, 1981இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பிடமாக ஏற்றது. 2015இல் அச்சிறப்பு விரிகுடா முழுமைக்கும் விரிக்கப்பட்டது. 1964இல் தீவுக்குக் கட்டிய கற்பாதையோ சதுப்பை இரண்டாகப் பிரித்து நீரோட்டத்தைத் தடுத்தமையால், அங்கே சேறு மிகுந்துவருகின்றது.

மீன்பிடிச் சிற்றூராயிருந்த கிளொன்ராவ், கடற்காற்றையும் கடற்காட்சியையும் நாடி வந்தோரால் வளர்ந்தது. ‘டிராகுலா’ எழுதிய பிராம் ஸ்ரோக்கர் 1847இற் பிறந்தது இதன் அயலிலுள்ள மரீனோப் பிறைவீதியிலாகும். டிராம் வண்டி வந்தபின் வீடுகள் பெருகின. 1900இல் ஊர் டப்ளின் மாநகருடன் இணைந்தது. கடலை நிரவிப் பெற்ற நிலத்திலே கரையோர உலாவிடம் அமைந்தது.

கடல் அங்கே இன்னொரு வினாவை எழுப்பியுள்ளது. 2002 பெப்ரவரி 1ஆந் திகதி புயலும் பெரும்பெருக்கும் ஒன்றுசேர்ந்து டப்ளின் கரையோரத்தைத் தாக்கின. கிளொன்ராவிலும் நீர் புகுந்தது. உலாவிடத்தின் நெடுகிலும் காப்பணை எழுப்ப மாநகர சபை திட்டமிட்டது. 2011இல் ஊரவர் ஆயிரக்கணக்கில் திரண்டு அதனை எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் புல் தீவை அண்டிக் கட்டிய கடற்சுவரும் காட்சியை மறைக்கின்றதென்று முறைப்பாடு எழ, அதன் ஒரு பகுதி உயரம் குறைக்கப்பட்டது. அம்மக்களை நாம் நகைத்தல் ஆகாது. கடலைப் பார்த்து வாழ வந்தவர், கடலைக் காணாதபடி சுவருக்குப் பின்னால் வாழ எப்படி இசைவர்? ஆனால் கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்திற் சுவரின்றி எத்தனை காலம் வாழ்தல் கூடும்? இரு பக்கத்திலும் நியாயம் உண்டு; ஆகவேதான் வழக்குத் தீரவில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சேனையின் வழியை மறித்தது மாலைப் பெருக்கு. துறைமுகத்துக்கு வழிதிறந்து, கேளாத ஒரு தீவையும் அளித்தது அதே வற்றுப்பெருக்கு. இன்று வீட்டு வாசலில் வந்து நிற்பதும் அதுவே. கடலின் கணக்கை அறிந்து அதனோடு இசைந்து கட்டியவர்க்கு அக்கரையிற் பயன் கிட்டியது. இனிக் கட்டவேண்டியதையும் அக்கணக்கை அறிந்தே கட்டவேண்டும். அதற்குச் சரித்திர ஆசிரியரும் பூமிசாத்திர ஆசிரியரும் ஒரே வகுப்பறையில், ஒரே படத்தின் முன் நிற்க வேண்டியிருக்கும்.