யாருக்குப் பதில் சொல்லும் உறுப்பினர்?



2023 மார்ச் 27. அமெரிக்காவின் நாஷ்வில் நகரப் பள்ளியொன்றில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். மூன்றே நாளில் மாணவர்களும் பெற்றோரும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கேட்டு டென்னசி மாநிலச் சட்டமன்றத்தை நிறைத்தார்கள். மூன்று உறுப்பினர்கள் அவை நடுவே வந்து அந்த முழக்கத்தை எழுப்பினார்கள்.

அவை ஒழுங்கைக் குலைத்ததாகச் சொல்லி, ஏப்ரல் 6 அன்று கறுப்பினத்தவரான ஜஸ்டின் ஜோன்ஸ், ஜஸ்டின் பியர்சன் இருவரையும் வெளியேற்றினார்கள். வெள்ளையரான குளோரியா ஜான்சன் ஒரு வாக்கில் தப்பினார். தோலின் நிறம் காரணமாக இருக்கலாம் என்று அவரே சொன்னார்.

ஒரே வாரத்தில் உள்ளூர் மன்றங்கள் இருவரையும் திருப்பி அனுப்பின. ஆகஸ்ட் இடைத்தேர்தலில் மக்களும் வெல்லவைத்தார்கள். கேட்ட சட்டம் மட்டும் அந்த ஆண்டு வரவில்லை.

1932 பூனா ஒப்பந்தம் முதல் நாமும் கேட்டுவருகிறோம்: தனித்தொகுதி உறுப்பினர் யாருக்குப் பதில் சொல்கிறார்? நம் சேரியில் சாவு விழுந்தாலும் கட்சித் தலைமையின் முகம் பார்த்தே வாய் திறக்கிறார். வாக்களித்ததோடு நாம் வீடு திரும்பிவிட்டால் அவர் வேறு யாரைப் பார்ப்பார்? அவர் பேசும் நாளில் நாம் அவர் பின்னால் நிற்போம். பேசாத நாளில் அவர் வாசலில் நிற்போம்.

ஜெய்பீம்.