பள்ளி முடிந்தாலும் மைதானம் உண்டு

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளி இருக்கும்வரை பொழுது எப்படியோ போய்விடுகிறது. காலையில் வேன் வரும். கூட உட்கார்ந்து சாப்பிடத் தோழர்கள் இருப்பார்கள். பள்ளி முடிந்ததும் பலருக்கு வீடும் டிவியும்தான் மிச்சம். உடம்பு கனத்துப்போகிறது, பேச்சும் குறைகிறது. அப்படி வளர்ந்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்களோடுதான் இன்று பேச விரும்புகிறேன். விளையாட்டில் சேர அவர்களுக்கு வயது கடந்துவிடவில்லை.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் விளையாட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962இல் தம் வீட்டுத் தோட்டத்திலேயே இந்தப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தினார். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கும் இதே குறைபாடு இருந்தது. அந்த முகாமிலிருந்து வளர்ந்து 1968இல் சிகாகோவில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகள் நடந்தன. நம் நாட்டில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் இதை நடத்துகிறது. 2023இல் பெர்லின் போட்டிகளில் நம்மவர்கள் 202 பதக்கங்கள் வென்று வந்தார்கள்.

பதக்கம் என்றதுமே பெற்றோர் தயங்குவார்கள். "எங்க பையனுக்கு நேராக ஓடவே வராதே" என்பார்கள். அவன் சேர வேண்டிய இடமே அதுதான். இங்கே எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதில்லை. முதலில் ஒரு தகுதிச் சுற்று. அதில் எடுத்த நேரத்தையும் வயதையும் பார்த்து, ஏறக்குறைய ஒரே திறமை உள்ளவர்களை ஒரு குழுவாக்குகிறார்கள். குழுவில் முதலாமவருக்கும் கடைசியானவருக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 15 சதவீதத்துக்குள் இருக்கப் பார்ப்பார்கள். மெதுவாக ஓடுபவருக்கும் தம்மைப் போன்றவரோடு ஓடி ஜெயிக்க வாய்ப்பு உண்டு. எளிய குழுவில் இடம் பிடிப்பதற்காகத் தகுதிச் சுற்றில் வேண்டுமென்றே மெதுவாக ஓடினால் நீக்கிவிடவும் விதி இருக்கிறது. அவர்களை உண்மையான விளையாட்டு வீரர்களாக மதிக்கிற விதி அது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

எட்டு வயது நிரம்பியவர்கள் போட்டியிடலாம். மேல் வயது வரம்பு கிடையாது. இரண்டிலிருந்து ஏழு வயதுவரை உள்ளவர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. வீரர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அமைப்பின் விதி. ஓடத்தான் வேண்டும் என்பதும் இல்லை. நீச்சல் இருக்கிறது, பந்தை உருட்டி ஆடும் போச்சி இருக்கிறது.

சேருமுன் மருத்துவப் பரிசோதனை அவசியம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதி எலும்புகள் இறுக்கமில்லாமல் இருக்கும். கழுத்து வலி, நடையில் தடுமாற்றம், கைகால் பலவீனம் இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வலிப்பு வருவதுண்டு என்றால் பயிற்சியாளரிடம் மறைக்காதீர்கள்.

எங்கே விசாரிப்பது? பக்கத்துச் சிறப்புப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்கலாம். முதல் சில நாள் பிள்ளை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால் பார்க்கட்டும், கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடுகிற ஆட்டங்களும் உண்டு. கூடவே வரும் தம்பிக்கோ தங்கைக்கோ அதில் இடம் உண்டா என்றும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.