இசைத்தட்டில் பானம் சிந்திவிட்டால்



தீபாவளிக் காலை. வீடு நிறைய உறவினர்கள். தாத்தாவின் பழைய பாட்டுப் பெட்டி கூடத்தில் பாடிக்கொண்டிருக்கிறது. பேரன் ஒருவன் சிரப் பண்டுங் குவளையோடு ஓடி வருகிறான், கால் தடுக்குகிறது, குவளை முழுவதும் இசைத்தட்டின்மேல் கவிழ்கிறது. உடனே அத்தை முந்தானையால் அழுத்தித் துடைக்கப் போகிறார். பாட்டி சுடுதண்ணீர் எடுத்து வருகிறார். மாமா மருந்துப் பெட்டியைத் திறந்து ஸ்பிரிட் புட்டியை எடுக்கிறார். மூவருக்கும் நல்ல எண்ணந்தான். ஆனால் மூவருமே தட்டைக் கெடுக்கப் போகிறார்கள். அவர்களில் ஸ்பிரிட் புட்டியை எடுத்தவர் செய்யும் கேடு திருத்தவே முடியாதது. அந்தத் தவற்றை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேச வந்தேன்.

எங்கள் ரவாங் வட்டாரத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1894ஆம் ஆண்டிலேயே தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் இங்குள்ள தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சார இயந்திரம் வைத்தார்கள். மலாயாவின் மின்சார வரலாறு அங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது, சுற்றியிருந்த தோட்டத்து லயங்களில் பலவற்றுக்கு அது வர வெகு காலம் ஆயிற்று. ஆகவே, நம்மவர்கள் கையால் சாவி முடுக்கும் கிராமபோனில்தான் பாட்டுக் கேட்டார்கள். அந்தக் காலத்துத் தட்டுகள் இன்றும் சில வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. அவற்றை அற்பமாக எண்ணிவிடக் கூடாது. எஸ்.ஜி. கிட்டப்பா பேசும் படம் எதிலும் நடிக்காமலே 1933இல் மறைந்துவிட்டார். அவர் குரலை நமக்குக் காத்துக் கொடுத்தவை இந்தத் தட்டுகளே.

சரி, சிந்திவிட்டது. முதலில் என்ன செய்வது? மின்சாரத்தில் ஓடும் பெட்டியானால், தட்டைத் தொடுவதற்கு முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். ஈரக் கையோடு அதைச் செய்யாதீர்கள். பிறகு ஊசியைத் தூக்கிவிட்டு, தட்டை ஓரங்களில் பிடித்து எடுங்கள். மெல்லிய பழைய பருத்தித் துணியை அதன்மேல் ஒற்றி ஈரத்தை எடுங்கள். தேய்க்கக் கூடாது. ஒரு எல்.பி. தட்டில் ஓர் அங்குல அகலத்தில் ஏறக்குறைய இருநூறு வரிகள் நெருக்கமாக ஓடுகின்றன. தேய்த்தால், மேலே கிடக்கும் தூசி அந்த வரிகளைக் கீறிவிடும். சர்க்கரைத் தண்ணீரை அப்படியே காயவும் விடக் கூடாது. காய்ந்தால் வரிக்குள் கல்லாக இறுகும். நம் நாட்டுப் புழுக்கத்தில் அதன்மேல் பூஞ்சணமும் பிடிக்கும், எறும்பும் வரும்.

அடுத்தது, கையில் இருப்பது எந்த வகைத் தட்டு என்று பார்ப்பது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நடுவில் ஒட்டியுள்ள காகிதத்தில் 78 என்று இருந்து, தட்டும் கனமாக, வளையாமல், தட்டினால் பீங்கான்போல் ஒலித்தால் அது அரக்குத் தட்டு என்றே கொள்ளுங்கள். லேசாக வளைந்து கொடுத்து, 45 அல்லது 33 என்று போட்டிருந்தால் அது பிளாஸ்டிக் வகையான வினைல். படம் வந்த ஆண்டை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். மேல்நாடுகளில் 78 சுற்றுத் தட்டுகள் மறைந்துவிட்ட பிறகும், 1960களில் இந்தியாவில் அவற்றை அச்சிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அரக்குத் தட்டுக்கும் ஸ்பிரிட்டுக்கும் ஏன் ஆகாது? தச்சர் மேசைக்குப் பாலிஷ் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அரக்குச் செதில்களை அவர் எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தான். மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி கட்டும் அந்தப் பிசினோடு கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்திச் செய்ததே 78 தட்டு. அதன்மேல் ஸ்பிரிட் பட்டால் அழுக்கு மட்டும் போகாது, பாட்டும் சேர்ந்து கரையும். என் மாமாவின் தட்டில் தேநீர் கொட்டியபோது நான் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. ஆகா, எவ்வளவு அழுக்குப் போகிறது என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தினேன். காய்ந்த பிறகு பார்த்தால் பளபளப்பே இல்லை. ஓட விட்டால், தகரக் கூரையில் மழை பெய்வதுபோன்ற சத்தந்தான் கேட்டது. மாமா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும்.

அரக்குத் தட்டுக்குப் பச்சைத் தண்ணீரே போதும். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, வரி ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். கறை போகாவிட்டால், ஒரு குவளைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு துளி விட்டுத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள். ஊற மட்டும் வைக்காதீர்கள். சில தட்டுகளின் நடுவே காகித அட்டை வைத்திருப்பார்கள். விரிசல் வழியாகத் தண்ணீர் புகுந்தால் அது உப்பிக்கொள்ளும்.

வினைல் தட்டு தண்ணீருக்கு அஞ்சாது, சூட்டுக்குத்தான் அஞ்சும். நடுக் காகிதம் நனையாதபடி ஒரு சிறு மூடியால் மறைத்துக்கொண்டு, குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு அலசலாம். காய்ந்து இறுகிய கறையானால், ஈரத் துணியைச் சில நிமிடம் அதன்மேல் போட்டு ஊற விட்டுப் பிறகு துடையுங்கள். கடைசியாக ஒரு முறை, கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரால் துடைத்தால் சுண்ணாம்புப் புள்ளி நிற்காது. எந்த வகைத் தட்டானாலும் சுடுதண்ணீர், மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றைக் கிட்டே கொண்டுவராதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவி மினுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது தூசியை வரிக்குள் ஒட்ட வைக்கும் வேலை.

இனி, பிள்ளைகளின் கல்யாணத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறீர்களே, அந்த சிடி, விசிடி தட்டுகளுக்கு வருவோம். சினிமாப் பாட்டுத் தட்டு கெட்டால் வேறொன்று எங்காவது கிடைக்கக்கூடும். வீட்டுக் கல்யாணத் தட்டோ பல வீடுகளில் ஒன்றே ஒன்றுதான். இதை வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுத் துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். குறுக்கே விழும் சிறு கீறலைக் கருவி சமாளித்துக்கொள்ளும், ஆனால் சுற்றின் வழியே நீளமாக விழும் கீறல் ஒரு பகுதியையே விழுங்கிவிடும். எழுத்துள்ள மேல்பக்கந்தான் முரடு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பளபளக்கும் அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள பிளாஸ்டிக் இருக்கிறது. மேல்பக்கத்திலோ மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே பதிவு இருக்கிறது. அங்கே நகம் கூடப் படக் கூடாது. துடைத்துக் காய்ந்து, தட்டு ஓடினால், அன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லிக் கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

கழுவிய தட்டை வெயிலில் வைக்காதீர்கள். தட்டம் கவிழ்க்கும் பலகையில் நிமிர்த்தி வைத்து நிழலில் காயவிடுங்கள். முழுதும் காயும்வரை ஊசியை வைக்க வேண்டாம். பானம் சிந்திய பழைய உறைக்குள்ளும் திருப்பிப் போடாதீர்கள், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரை மறுபடியும் தட்டுக்கே வரும். உறையின் படம் வேண்டுமானால் அதைத் துடைத்து, உலர்த்தித் தனியே வையுங்கள். தட்டுக்குச் சுத்தமான வெள்ளைத் தாளில் புதிய உறை ஒன்று செய்து, அதன்மேல் எந்தப் பாட்டு, யாருடைய தட்டு என்று பென்சிலால் எழுதி வைத்தால் போதும்.