கடைசிக் கட்டத்துக்காரர்: ஓர் அணைத் திட்டத்தின் வரலாறு



நீர்ப்பாசனத்தைக் குறித்து இன்று சில வார்த்தைகள் கூறவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டபோது, நம் நாட்டு அணைகளைப் பற்றியே பேசலாமென முதலில் எண்ணினோம். ஆயின் அவை நீங்கள் அறியாதன அல்ல. தலைமடையில் பயிர் கதிர் வாங்கி நிற்கையில் கடைமடையில் நாற்றங்கால் வெடித்துக் கிடப்பதைக் காணாத குடும்பம் இச்சபையில் ஒன்றேனும் இராது. ஆகவே, வாய்க்காலில் நேரும் இக்கடைமடைத் துன்பம், திட்டத்தைக் கட்டங் கட்டமாகப் பிரிக்கும் காகிதத்திலேயே எவ்வாறு நேரக்கூடும் என்பதைத் தூரதேசத்து வரலாறு ஒன்றைக் கொண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குப் பாகத்தில் நவஹோ என்னும் பூர்வகுடியார் வாழ்கின்றனர். 1864-ம் வருஷத்தில் சர்க்கார் படைகள் அவர்களைச் சொந்த பூமியினின்று நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுபோய்க் காவலில் வைத்தன. 1868-ல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு திரும்ப விட்டன. பயிரிட விரும்பும் குடும்பத் தலைவனுக்கு 160 ஏக்கர் வரையில் நிலமும், விதையும், உழவுக் கருவியும் தருவதாக அதில் வாக்களிக்கப்பட்டது. நீருரிமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மழையற்ற தேசத்தில் நீரின்றி விதையை வைத்துக்கொண்டு என் செய்வது?

அந்நாட்டின் மேற்கு மாகாணங்களில் ஆற்றுநீருக்கு ஒரு விதியுண்டு. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதலுரிமை. பின் வந்தவர் மிஞ்சியதைக் கொள்ளவேண்டும். 1908-ல் மொன்டானா மாகாணத்துப் பூர்வகுடிகளைப் பற்றிய வழக்கொன்றில், அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்ட நாளிலேயே அதற்கு வேண்டிய நீரும் ஒதுக்கப்பட்டதாகக் கொள்ளவேண்டுமென உச்ச நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. அதன்படி நோக்கின் நவஹோ மக்களின் பாத்தியதை 1868-ஐத் தொட்டது. பின்னர் எழுந்த பட்டணங்களுக்கு முந்தியது. எனினும் 1922-ல் ஏழு மாகாணத்தார் கூடிக் கொலராடோ ஆற்றைப் பங்கிட்டுக்கொண்டபோது பூர்வகுடிகளின் பிரதிநிதி ஒருவரும் அங்கு இல்லை.

கொலராடோவில் கலக்கும் ஸான் ஹுவான் நதியின் குறுக்கே, நியூ மெக்ஸிகோ மாகாணத்தில், 402 அடி உயரமுள்ள மண்ணணை ஒன்று 1962-ல் கட்டி முடிந்தது. நவஹோ அணை என்றே அதற்குப் பெயர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நிறைவேறிய ஒரே சட்டத்தில் இரண்டு திட்டங்கள் அநுமதி பெற்றன. ஒன்று, நவஹோ பூமியில் 110,630 ஏக்கருக்குப் பாசனம்; அதற்கு வருஷந்தோறும் சராசரி 508,000 ஏக்கர்-அடி நீர். (ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி, ஏறக்குறைய 12 லட்சம் லிட்டர்.) மற்றொன்று, அதே நதியின் உபநதிகளிலிருந்து மலையைக் குடைந்து ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலுள்ள பட்டணங்களுக்கும் பண்ணைகளுக்கும் 110,000 ஏக்கர்-அடி கொண்டுபோவது. இவ்விரண்டையும் பெறுவதற்காக நவஹோ மக்கள் தங்கள் முதலுரிமையை ஒருபுறம் வைத்துவிட்டு, வறட்சிக் காலத்தில் மற்றவர்களோடு குறைவைப் பகிர்ந்துகொள்ள இசைந்தனர்.

ஒரே வயிற்றிற் பிறந்த இவ்விரு திட்டங்களும் வளர்ந்த விதத்தைக் கவனியுங்கள். பட்டணத்தாருக்கு ஏறக்குறைய 26 மைல் நீளத்துக்கு மூன்று சுரங்கங்கள் தோண்டப்பட்டு, 1970-களின் தொடக்கத்திலேயே நீர் ஓடிற்று. நவஹோ நிலத்திலோ முதல் வாய்க்கால் நீர் 1976-ல்தான் பாய்ந்தது. 110,630 ஏக்கரையும் சுமார் பதினாயிரம் ஏக்கர் வீதம் 11 கூறுகளாக வகுத்திருந்தனர். சட்டம் பிறந்து அறுபதாண்டு நிறைந்த 2022-லும் எல்லாக் கூறுகளும் முடியவில்லை.

இதற்குக் காரணம் பகைமை ஒன்றே என்று கூறிவிடுவது எளிது. பட்டணத்தாரின் செல்வாக்கும் காரணமென்பதில் ஐயமில்லை. ஆயினும் நமக்குத் தோன்றுவது வேறொன்று. பாதி தோண்டிய சுரங்கம் ஒருவருக்கும் உதவாது. ஆகவே தொடங்கிய பிறகு பணம் கொடுத்தே தீரவேண்டும். பதினொரு கூறாகப் பிரித்த வாய்க்காலை எந்தக் கூற்றின் முடிவிலும் நிறுத்திவிடலாம். அதுவரை செய்தது வீணாகாது. வருஷா வருஷம் காங்கிரஸ் சபை பணம் ஒதுக்கும் ஏற்பாட்டில், நிறுத்தக்கூடிய வேலையே முதலில் நிறுத்தப்படும். பிரித்துச் செய்வது கணக்குக்கு நல்லது. பிரிவின் கடைசியில் நிற்பவனுக்கு அதுவே அபாயம்.

தாமதம் திட்டத்தின் உருவத்தையும் மாற்றிற்று. குடும்பங்களுக்குப் பண்ணைகளாகப் பிரித்தளிக்க வேண்டுமென்பதே முதல் நோக்கம். அது கைவிடப்பட்டு, 1970-ல் நவஹோ மக்களின் சபை ஏற்படுத்திய விவசாய ஸ்தாபனம் ஒன்றே நிலம் முழுவதையும் நடத்துகிறது. உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், குதிரைமசால், அவரை இனங்கள் அங்கு நன்கு விளைகின்றன. அது சிறந்த பண்ணையே. குறை கூற வரவில்லை. ஆனால் ஸ்தாபனத்தில் கூலி பெறுவதும் தன் வரப்பில் தான் நிற்பதும் ஒன்றல்ல என்பதை உழுகுடிப் பிறந்த உங்களுக்கு நாம் விளக்க வேண்டுமோ? மேலும், வாய்க்காற் பாசனத்துக்குப் பதிலாகச் சுழலும் தெளிப்புக் குழாய்கள் வந்து நீர் மிச்சப்படவே, இவர்களுக்கு 508,000 ஏக்கர்-அடி எதற்கு என்ற கேள்வி கிளம்பிற்று. சிக்கனம் செய்தவனிடமே பங்கைக் குறைக்கக் கேட்பது விநோதமான நியாயம்.

நிற்க. இத்தகைய திட்டம் வகுப்போர் செய்யத்தக்கது யாது? எளியவரின் பங்கை முதற் கட்டத்திலேயே சேர்க்கவேண்டும் என்பது நம் துணிபு. அது இயலாதவிடத்து, அவர்கள் மடை திறந்தாலன்றி வலியவர் மடையும் திறவாது என்று சட்டத்திலேயே பிணைத்துவிட வேண்டும். வாய்க்காலுக்கு மட்டும் பணம் ஒதுக்கினாலும் போதாது. நிலத்தைச் சமன் செய்யவும், முதல் இரண்டு மூன்று போகத்துக்குக் கைம்முதலுக்கும் அதே ஏட்டில் இடம் இருக்கவேண்டும்.

ஆல்புகர்க்கி நகரத்தார் அச்சுரங்க நீரை 2008 முதல் குடிநீராகவும் பெற்று வருகின்றனர். நவஹோ வீடுகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குக்கு இன்னும் குழாய்நீர் இல்லை. வண்டிகளில் பீப்பாய் வைத்து நீர் கொணர்கின்றனர். 2009-ல் இயற்றப்பட்ட வேறொரு சட்டத்தின்படி அவர்களுடைய ஊர்களுக்கும் காலப் பட்டணத்துக்கும் சேர்த்துக் குழாய்த் திட்டம் ஒன்று தொடங்கிற்று. அதுவும் இரண்டு கிளையாகவே பிரிக்கப்பட்டது. ஆனால் இம்முறை, பழைய பாசனத் திட்டத்தைச் சேர்ந்த சிறு நீர்த்தேக்கம் ஒன்றிலிருந்து புறப்படும் கிளை முந்திக்கொண்டு, 2020-ல் சில நவஹோ ஊர்களுக்கு நீர் கொடுத்தது. 1868-ம் வருஷத்து உடன்படிக்கையின் பேரில் நீர் தேடித்தரும் கடமை சர்க்காருக்கு இல்லையென்று 2023-ல் உச்ச நியாயஸ்தலம் ஐவருக்கு நால்வராகப் பிரிந்து தீர்ப்புச் சொல்லிவிட்டபடியால், மற்றக் கிளை முடிவதையே ஏனைய ஊரார் எதிர்பார்த்திருக்கின்றனர்.