ஆறு போன கதை

மைக்கை வாங்கியதும் பேச்சாளர் வானத்தைப் பார்த்தார். “மழை வருமாட்ட இருக்குது. வரட்டுங்க. பி.ஏ.பி. தண்ணிதான் வர மாட்டீங்குது!” வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் கூட்டம் அந்த ஒரு வரியிலேயே அவர் கைக்கு வந்துவிட்டது.

கொடுத்த தலைப்பு, நதிப்படுகைகளுக்கு இடையிலான நீர்ப் பகிர்வு. எழுதிவந்த தாளில் பி.ஏ.பி. என்னும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தைப் பற்றிய முதல் பக்கம் ஒழுங்காகவே போனது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த ஆறுகளைச் சுரங்கங்கள் வழியே ஆனைமலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தது, 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாய், திருமூர்த்தி அணை. அடுத்தது தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட ஒப்பந்தம். 1970 மே 29-இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று எழுதப்பட்டது; 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யவேண்டும்.

“முப்பதும் போச்சு, அறுபதும் போச்சு. ஒப்பந்தத்துக்கு அறுபதாங் கல்யாணமே முடிஞ்சிருச்சு. இன்னும் பேசிட்டே இருக்கறாங்க!”

கைதட்டல் அடங்குவதற்குள் தாள் சட்டைப்பைக்குப் போய்விட்டது.

அதன்பின் 2022 செப்டம்பர். பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடுமதகு, சங்கிலி அறுந்து நள்ளிரவில் அடித்துக்கொண்டு போன கதை. “பத்து டிஎம்சி போச்சுங்க, சாலக்குடி ஆத்தோட!” முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தலையை ஆட்டி, “ஆறு, ஆறு” என்றார். பேச்சாளர் அசரவில்லை. “நானும் அதையத்தானுங்க சொல்றன், ஆறுதான் போச்சு!” பந்தல் அதிர்ந்தது. பெரியவர் சொன்னதே சரி. வீணானது ஏறத்தாழ ஆறு டிஎம்சி.

அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், இயக்குவது தமிழ்நாடு. கேரளத்துக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி போய்ச் சேரவேண்டும். அதை அளக்க இரண்டு மாநிலமும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நிற்கின்றன. மலையைத் தாண்டிவந்த தண்ணீருக்குத்தான் அந்தக் காவல் இல்லை. 3.77 லட்சம் ஏக்கர் பாசனப் பரப்பை நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்கு முறை திரும்பிவர இரண்டு ஆண்டாகிறது. அந்த முறையிலும் தலைமடையில் நனைவது கடைமடைக்கு எட்டுவதில்லை.

பேச்சாளரும் அங்கேதான் வந்து நின்றார். “வாய்க்கா ஓரமா அரை ஏக்கரா வாங்கி, அதுல கெணறு வெட்டி, பத்து மைலுக்குக் கொழாய் போட்ட மகராசங்க இருக்கறாங்க. பேர் சொல்ல மாட்டனுங்க. போன வாரம் பச்சைத் துண்டு போட்டுட்டு நம்ம போராட்டத்துக்கே வந்திருந்தாங்க!” பத்து மைல் கொஞ்சம் அதிகம். ஆனால் பந்தலில் யாரும் கணக்குக் கேட்கவில்லை. பலர் திரும்பி யாரையோ தேடினார்கள்.

கால் மணி நேரம் இதிலேயே போனது. பேச்சின் நடுநடுவே வாய்க்காலைக் காக்கும் லஸ்கர் ஒருவர் வந்துபோனார். டார்ச் லைட்டோடு ராத்திரியெல்லாம் கரையில் நடந்தவர். சொந்த மாமனார் கேட்டும் முறையில்லாமல் மடையைத் திறக்காதவர். “அந்த மனுசன் இருந்த வரைக்கும் கடைமடைக்குத் தண்ணி வந்துதுங்களா, இல்லீங்களா?” கூட்டம் ஒரே குரலில் “வந்துது!” என்றது.

பேச்சை முடிக்கச் சொல்லும் துண்டுச்சீட்டு மூன்றாவது முறை வந்தது. நல்லாறு அணைத் திட்டத்தைப் பற்றி எழுதிவைத்திருந்த இரண்டு பக்கமும் பையிலேயே இருந்தன. “அந்த லஸ்கரு ரிட்டையராகி…” என்று மறுபடி தொடங்கினார்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். “ஏனுங்ண்ணா, அவரு எடத்துக்கு வேற ஆள் போட்டாங்களா?”

மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.